85 பேர், 11 இடம்: ‘காலேஜ் ஃபுட்பால் 25’ விமர்சனம், பென்ச்சிலிருந்து பார்த்தால்

134 அணிகள், அவற்றின் பேண்டு வாத்தியம், மாணவர் கூட்டத்தின் இரைச்சல், களம் இறங்கும்போது கிளம்பும் புகை எல்லாம் ஈஏ ஸ்போர்ட்ஸின் இந்த கேமில் அச்சு அசலாக இருக்கின்றன. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் நிறைந்துவிடும், வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரியாது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு அதன் உயிர்நாடி எங்கே துடிக்கிறது என்று தெரியும். யார் இறங்குகிறான், யார் உட்காருகிறான், யாரை இந்த வருஷம் தொடவே கூடாது என்பதில்தான். என்எஃப்எல் கோச்சிடம் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்ட தொழில்முறை ஆட்டக்காரர்கள், 53 பேர். கல்லூரி கோச்சிடம் 18, 19 வயதுப் பையன்கள். பாதிப் பேர் இன்னும் உடம்பு தேறாதவர்கள். உட்கார வைத்தால் வருஷக் கடைசியில் மூட்டை கட்டிவிடுவார்கள். அந்தத் தலைவலியை இந்த கேம் எவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

அடிப்படைத் தகவலை முதலில் முடித்துவிடலாம். 2024 ஜூலை 19 அன்று வெளியானது. அதற்கு முந்தைய பதிப்பு 2013இல் வந்த ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’. நடுவில் பதினோரு வருஷம் வெற்றிடம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் மட்டும், கணினிக்கு இல்லை. வெளியான விலை 69.99 டாலர். நிஜ ஆட்டக்காரர்களின் பெயரும் முகமும் உண்டு. சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் ஒரு கேம் பிரதியும் கொடுத்தார்கள்.

ஒரு வரியில் தீர்ப்பு வேண்டுமென்றால்: வருஷக் கணக்கில் ஆள் நிர்வாகம் பிரமாதம். ஒரு ஆட்டத்துக்குள் சுழற்சி சுமார், அமைப்புகளில் நாமே கைவைத்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்நாப்புக்கு ஸ்நாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்நாப்) நடக்கும் ஆள் மாற்றுச் சூதாட்டமோ கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள், அடுத்த ஆள் என்று அடுக்கும் டெப்த் சார்ட்டில் தொடங்குவோம். குவாட்டர்பேக் (பந்தை எறிபவன்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவன்), டேக்கிள் (லைனில் முட்டுபவன்) என்று வழக்கமான இடங்களோடு, மூன்றாம் டவுனுக்கான (10 கஜம் கடக்கக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது) ரன்னிங் பேக், குறைந்த கஜத்துக்கான முரட்டு ரன்னிங் பேக், உள்பக்கம் நின்று பந்தைப் பிடிக்கும் ஸ்லாட் ரிசீவர், அவனைக் காவல் காக்கும் ஸ்லாட் கார்னர், பாஸ் ரஷ்ஷுக்கு (எறிபவன்மேல் பாய்வதற்கு) மட்டும் இறங்கும் எண்டுகள் என்று தனித்தனிப் பொறுப்புகளும் வரிசையில் உண்டு. கேமின் அருமையான பகுதி இது, கவனிக்காவிட்டால் கையைச் சுடும் பகுதியும் இதுவே. தானாக வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் அது ரேட்டிங்கை மட்டும் பார்த்து அடுக்கும். மூன்றாம் டவுனில் ரன்னிங் பேக்கின் முதல் வேலை பந்தை வாங்குவதல்ல, பிளிட்ஸ் வரும் (குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும்) லைன்பேக்கரைத் தடுப்பது. தானியங்கி வரிசை அங்கே வேகமான பையன் ஒருவனை நிறுத்திவைக்கும். அவனுடைய பாஸ் பிளாக் எண்ணைத் திறந்து பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மூன்றாம் டவுனில் திரும்பத் திரும்ப சாக் (எறிவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) விழுகிறதென்றால், அவனைக் காக்கும் முன்வரிசையான லைனைத் திட்டுவதற்கு முன் இந்த ஒரு இடத்தைப் பாருங்கள். சிறப்பு இடங்களைக் கையால் நிரப்புவதும், ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் ஒருமுறை திறந்து பார்ப்பதும் கட்டாயம்.

அடுத்தது, களைத்தவனைத் தானாக மாற்றும் ஆட்டோ சப். ஒவ்வொரு பொசிஷனுக்கும் இரண்டு எண்கள். ஸ்டாமினா எந்த அளவுக்கு இறங்கினால் ஆள் வெளியே வர வேண்டும் என்பது ஒன்று, எந்த அளவுக்கு ஏறினால் மறுபடி உள்ளே போகலாம் என்பது மற்றொன்று. பலரும் முதல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். சூட்சுமம் இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான். வெளியேறுவது 80, உள்ளே வருவது 82 என்று வைத்தால் ஆள் ஒரு ஸ்நாப் உட்கார்ந்துவிட்டு அடுத்த ஸ்நாப்புக்கே எழுந்து ஓடுவான். வெளியேறுவது 80, உள்ளே வருவது 95 என்றால் நாலைந்து ஸ்நாப் உட்காருவான். நிஜத்தில் நடக்கும் சுழற்சிக்கு நெருக்கமானது அது.

எங்கே எவ்வளவு வைப்பது? டிஃபென்ஸிவ் டேக்கிளுக்கு இடைவெளி பெரிதாக இருக்கட்டும், வெளியேறும் எண்ணும் உயரமாக இருக்கட்டும். 140 கிலோ உடம்பு ஒவ்வொரு ஸ்நாப்பிலும் இரண்டு பேரை முட்டித் தள்ள வேண்டும். நல்ல கல்லூரி அணிகள் நாலு இடத்துக்கு எட்டு ஆளாவது வைத்துச் சுழற்றுவதன் காரணம் அது. நான்காம் குவாட்டரில் எதிரணியின் ஆஃபென்ஸிவ் லைன் மூச்சு வாங்கும்போது நம் ஆட்கள் புதிதாக நிற்க வேண்டும். ரன்னிங் பேக்குக்கு நடுத்தரம். ரிசீவருக்கு அதைவிடக் கொஞ்சம் உயரம், ஏனென்றால் இரண்டு நீளமான ரூட் ஓடியவன் மூன்றாவதில் கார்னரைத் தாண்ட மாட்டான். பின்வரிசையில் காக்கும் கார்னருக்கும் சேஃப்டிக்கும் தாழ்வாக வையுங்கள். கவரேஜில் புதியவன் ஒருமுறை தடுமாறினால் ஏழு புள்ளி போய்விடும்.

ஆஃபென்ஸிவ் லைனுக்கும் குவாட்டர்பேக்குக்கும் வெளியேறும் எண்ணை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். லைனில் ஐந்து பேரும் ஒருவர் தோளோடு ஒருவர் பேசிக்கொண்டு ஆட வேண்டியவர்கள். களைப்புக்காக அங்கே கையை வைக்கும் கோச் குறைவு. குவாட்டர்பேக்குக்கு இது இன்னும் அவசியம். ஓடத் தெரிந்த குவாட்டர்பேக் 40 கஜம் ஓடிவிட்டு வந்ததும் ஆட்டோ சப் அவனை உட்கார வைத்துவிடும். ரெட் சோனில் (எதிரணியின் கோல் கோட்டுக்கு முந்தைய 20 கஜத்துக்குள்) முதல் டவுன், உள்ளே நிற்பது இரண்டாம் நிலைப் பையன் என்று திடீரென்று புரியும்போது டைம்அவுட் ஒன்று வீணாகும்.

இந்த எண்களெல்லாம் பொருள்பட வேண்டுமென்றால் குவாட்டர் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷக் குவாட்டரில் யாருமே களைக்க மாட்டார்கள். அங்கே பென்ச் வெறும் அலங்காரம். நிஜத்தில் ஒரு அணி ஆட்டத்துக்குச் சுமார் 65, 70 ஸ்நாப் ஆடுகிறது. 2023 முதல் ஆட்டப் பாதிகளின் கடைசி 2 நிமிஷம் தவிர முதல் டவுனுக்குக் கடிகாரம் நிற்பதில்லை என்பதால் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. குவாட்டரை 10 முதல் 12 நிமிஷத்துக்குள் வைத்து, கடிகாரத்தை வேகமாக ஓட்டும் வசதியையும் போட்டுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தில் ஸ்நாப் எண்ணிக்கையைப் பாருங்கள். 55க்குக் கீழே இருந்தால் நிமிஷத்தைக் கூட்டுங்கள், 75 தாண்டினால் குறையுங்கள். இரண்டு மூன்று ஆட்டத்தில் சரியான அளவு பிடிபட்டுவிடும்.

களைப்பு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். இந்தப் பதிப்பில் ‘வேர் அண்ட் டேர்’ என்று ஒரு கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு மோதலும் உடம்பின் எந்தப் பாகத்தில் விழுகிறது என்று பதிவாகிறது. அடி சேரச் சேர அந்தப் பாகத்தோடு தொடர்புள்ள திறன்கள் இறங்கும், காயம்படும் வாய்ப்பு ஏறும். ஸ்டாமினா ஓய்வெடுத்தால் திரும்பிவிடும். இது அப்படித் திரும்பாது. அடி சேர்ந்து கால்கள் சிவந்துபோன ரன்னிங் பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் குவாட்டரின் பாதி, அதுவரை 22 முறை பந்தைச் சுமந்திருக்கிறான், 10 புள்ளி முன்னிலை. ஸ்டாமினா பட்டை முழுசாக நிறைந்திருக்கும், அதனால் ஆட்டோ சப் அவனைத் தொடாது. ஆனால் முதல் குவாட்டரில் உதறிவிட்டுப் போன அதே லைன்பேக்கர் இப்போது ஒரு கையால் மடக்குவான். ஆட்டோ சப் களைப்பைத்தான் பார்க்கிறது, அடியைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டு நாமே எழுந்து மாற்ற வேண்டிய இடம் இது. வருஷக் கணக்கில் ஒரு அணியை நடத்தும் டைனஸ்டி மோடில் இந்த அடி அடுத்த வாரத்துக்கும் கூடவே வருவதால், பலவீனமான அணியோடு ஆடும் வாரத்தில் முதல் நிலை ஆளை இடைவேளையோடு உட்கார வைப்பது நாகரிகத்துக்காக அல்ல, நவம்பருக்கான சேமிப்பு.

குவாட்டர்பேக்கையே ஓடவும் வைக்கும் ஆப்ஷன் வகை ஆட்டம் ஆடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிய எதிரி. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் சறுக்கி உட்காரும் பொத்தானைப் பழகிக்கொள்ளாவிட்டால் அக்டோபரிலேயே இரண்டாம் நிலைப் பையன்தான் அணித்தலைவன்.

அந்த இரண்டாம் நிலைப் பையன் இறங்கும்போது நடப்பது கேமின் உச்சம். எதிரணி மைதானம், சத்தம் ஏறுகிறது, பையனுக்கு அனுபவமில்லை. ரிசீவர் ஓட வேண்டிய பாதையைக் காட்டும் கோடுகள் திரையில் நெளிந்து கலங்குகின்றன. வரைபடம் தெளிவாகத் தெரியாத நிலையில் நாம் எறிய வேண்டும். ‘அனுபவம்’ என்ற சொல்லை வெறும் எண்ணாக விட்டுவிடாமல் நம் கண்ணிலேயே உறுத்தவிட்டது நல்ல யோசனை. மூத்தவனை உட்கார வைத்துவிட்டு இளையவனை இறக்கும் கோச்சுக்கு ஏன் வயிறு கலங்கும் என்று இதை ஆடிப் பார்த்தால் புரியும்.

அட்டைப்படத்தில் இருக்கும் மூவரில் ஒருவரான டெக்சஸ் குவாட்டர்பேக் குவின் யூவர்ஸுக்கே இது நடந்தது. 2024 அக்டோபர் 19, ஜார்ஜியாவுக்கு எதிராக டெக்சஸ். முதல் பாதியின் கடைசியில் அவரை உட்கார வைத்து ஆர்ச் மேனிங்கை இறக்கினார்கள். இரண்டாம் பாதியில் யூவர்ஸே திரும்பி வந்தார். ஜார்ஜியா 30-15 என்று வென்றது. அதே வகை முடிவு பலித்த ஆட்டமும் உண்டு. 2018 ஜனவரி 8, தேசிய சாம்பியன்ஷிப், இடைவேளையில் ஜார்ஜியாவிடம் அலபாமா 0-13 பின்தங்கியிருந்தது. ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்து முதலாண்டு மாணவன் துவா டாகோவைலோவாவை கோச் நிக் சேபன் இறக்கினார். கூடுதல் நேரத்தில் அலபாமா 26-23 என்று வென்றது. அந்த வருஷம் டிசம்பரிலேயே எஸ்ஈசி (தென்கிழக்குக் கல்லூரிகளின் பிரிவு) இறுதியாட்டத்தில் துவா காயப்பட, பென்ச்சிலிருந்து ஹர்ட்ஸ் எழுந்துவந்து அதே ஜார்ஜியாவை 35-28 என்று முடித்தார். பென்ச்சில் காத்திருக்கச் சம்மதித்த ஒருவனின் மதிப்பு அது.

எல்லோரும் காத்திருக்க மாட்டார்களே. கேம் வெளுத்து வாங்கும் இடம் இதுதான். டைனஸ்டியில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ‘டீல்பிரேக்கர்’ என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆடும் நேரம், ஆட்டப் பாணி, சாம்பியன்ஷிப் வாய்ப்பு, வீட்டுக்குப் பக்கம், படிப்பின் மதிப்பு என்று 14 அம்சங்களில் நம் கல்லூரிக்கு மதிப்பெண் போடப்படுகிறது. அவனுடைய நிபந்தனையில் நம் மதிப்பெண் இறங்கினால் வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் விழும். ‘ஆடும் நேரம்’ நிபந்தனையுள்ள மூன்று ரன்னிங் பேக்குகளை ஒரே ஆண்டில் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு ஒருவன்கூட மிஞ்சாமல் போகலாம். ஆள் சேர்க்கும்போதே நட்சத்திர எண்ணிக்கையோடு இந்த நிபந்தனையையும் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒரே பொசிஷனில் மூவர் என்றால் ஒருவனுக்கு ஆடும் நேரம், மற்றவனுக்கு வீட்டுக்குப் பக்கம், இன்னொருவனுக்கு அணியின் பாரம்பரியம் என்று கலந்திருப்பது நல்லது. சீசனுக்கு முன் அணியில் 85 பேருக்கு மேல் இருந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்பதால் பேராசைக்கும் கடிவாளம் இருக்கிறது.

குறையும் இங்கேயே இருக்கிறது. கேமில் எல்லோரும் சீசன் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜம் அப்படியில்லை. 2018இல் கிளெம்ஸன் அணி நாலு ஆட்டத்துக்குப் பிறகு டிரெவர் லாரன்ஸை முதல் நிலைக்கு ஏற்றியதும், அதுவரை ஆடிய கெல்லி பிரையன்ட் ரெட்ஷர்ட்டை (அந்த ஆண்டு தகுதிக்கணக்கில் கழியாமல் காக்கும் சலுகை) காப்பாற்றிக்கொண்டு அணியை விட்டே போய்விட்டார். அடுத்த ஆட்டத்திலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் சிரக்யூஸுக்கு எதிராக 27-23 என்று மீட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டு கிளெம்ஸன் 15-0. நடு சீசனில் இப்படி ஒரு இடி விழும் சாத்தியம் கேமில் இருந்திருந்தால் மூன்றாம் நிலை ஆளையும் நாம் ஒழுங்காகத் தயார்செய்வோம். இப்போது அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

ரெட்ஷர்ட்டுக்கு வருவோம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ 2018இல் கொண்டுவந்த விதி: நாலு ஆட்டம்வரை ஆடினாலும் அந்த ஆண்டு தகுதிக்கணக்கில் சேராது. கேமும் இதைப் பின்பற்றுகிறது. ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினால் ரெட்ஷர்ட் போச்சு. இந்த நாலை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். நாலையும் செப்டம்பரில் எளிய அணிகளோடு தீர்த்துவிட்டால் நவம்பரில் மூன்று ரிசீவர்கள் காயப்படும்போது கையைப் பிசைய வேண்டும். முதல் மாதத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மீதியைப் பத்திரமாக வையுங்கள். கவனிக்காமல் ஆட்டங்கள் கரைவது, பந்தை உதைக்கும் தருணங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் வழியாக. நிஜ விதியில் ஒரே ஒரு ஸ்நாப்கூட ஒரு ஆட்டம்தான். வேகமான முதலாண்டு மாணவனைத் தானியங்கி வரிசை கிக் ரிட்டர்னில் போட்டுவைத்திருக்கும். நாமோ அவன் பென்ச்சில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். ரெட்ஷர்ட் போட்டதும் ரிட்டர்ன் இடங்களிலும் சிறப்பு இடங்களிலும் அவன் பெயர் இருக்கிறதா என்று தேடி நீக்குங்கள்.

எல்லோருக்கும் ரெட்ஷர்ட் போடுவதும் வீண். லைன்மேனுக்கும் குவாட்டர்பேக்குக்கும் அந்தக் கூடுதல் ஆண்டு பொன். மூன்றாம் ஆண்டிலேயே என்எஃப்எல்லுக்குக் கிளம்பிவிடக்கூடிய ஐந்து நட்சத்திரக் கார்னருக்கு ரெட்ஷர்ட் போட்டால் நமக்கு ஒரு வருஷம் நஷ்டம், அவ்வளவுதான்.

இனி ஸ்நாப்புக்கு ஸ்நாப் நடப்பது. களத்தில் எந்த வகை ஆள் எத்தனை பேர் என்று சொல்லும் பர்சனல் எண்ணிக்கையின் முதல் இலக்கம் ரன்னிங் பேக், இரண்டாவது டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவன்). ஐந்தில் மீதி ரிசீவர்கள். 11 என்றால் மூன்று ரிசீவர், 12 என்றால் இரண்டு. இந்த கேமில் வெல்லும் எளிய வழி 12 பர்சனலோடு ஹடில் (ஸ்நாப்புக்கு முன் கூடிப் பேசுவது) இல்லாமல் ஆடுவது. எதிரணி நாலு டிஃபென்ஸிவ் பேக்கோடு வந்தால் டைட் எண்டை அகலமாக நிறுத்தி எறியலாம். ஐந்தாவது பேக்கை இறக்கி நிக்கலுக்குப் போனால் அவர்கள் முகத்திலேயே ஓடலாம். நாம் ஆளை மாற்றாதவரை அவர்களும் மாற்ற முடியாமல் அதே ஆட்களோடு மாட்டிக்கொள்வார்கள். நம் ஆட்களும் சேர்ந்தே களைப்பார்கள் என்பதால் ஆறேழு ஸ்நாப்புக்கு மேல் இழுக்க வேண்டாம். பிளே தேர்வுத் திரையிலேயே பேக்கேஜ் மாற்றி ஓரிரு ஆளை இடம் மாற்றும் வசதி இருப்பது பாராட்டத்தக்கது.

ஆனால் நிஜத்தில் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆஃபென்ஸ் ஆளை மாற்றினால் டிஃபென்ஸுக்கும் வாய்ப்பு தர வேண்டும். அதுவரை நடுவர் பந்தின் மேல் நின்று ஸ்நாப்பைத் தடுப்பார். அடுத்த ஸ்நாப்புக்குக் கெடு வைக்கும் பிளே கடிகாரம் அப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும். கடைசி நேரத்தில் ஆளை மாற்றிய ஆஃபென்ஸ், டிஃபென்ஸ் மெதுவாக ஓடிவந்தே தன் நேரத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்தப் பந்தயம் கேமில் இல்லை. 12 பேர் நிற்கும் பிழையும் இல்லை. 2024 அக்டோபர் 12 அன்று ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக ஓரெகன் கடைசி 10 விநாடியில் 12 பேரை நிறுத்தியது. ஐந்து கஜம் அபராதம்தான். ஆனால் பின்தங்கியிருந்த ஒஹையோ ஸ்டேட்டுக்கு நாலு விநாடி கரைந்தது. 32-31 என்று வென்றார்கள். சில நாட்களிலேயே என்சிஏஏ விதிக்குப் புது விளக்கம் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்தது. இப்படி ஒரு தந்திரத்தை யோசிக்கவே கேமில் வழியில்லை.

அந்த ஆண்டு நிஜத்தில் வந்த ஹெல்மெட் ஒலிபெருக்கியும் சுழற்சியைப் பாதிக்கிற விஷயம். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒருவர் மட்டுமே, ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளியோடு, கோச்சின் குரலைக் கேட்கலாம்; பிளே கடிகாரம் 15 விநாடியைத் தொட்டதும் இணைப்பு துண்டிக்கப்படும். டிஃபென்ஸில் அந்த லைன்பேக்கர் களைத்து வெளியேறினால் அடுத்த பச்சைப் புள்ளிக்காரன் உள்ளே போக வேண்டும், இருவரும் சேர்ந்து நிற்கக் கூடாது. கேமில் எந்த லைன்பேக்கரை எடுத்தாலும் வித்தியாசம் ரேட்டிங் மட்டும்தான்.

‘ரோடு டு குளோரி’ மோடில் இதையே மறுபுறமிருந்து பார்க்கலாம். ஐந்து பொசிஷனில் ஒன்றைத் தேர்ந்து, கோச்சின் நம்பிக்கையைச் சேர்த்து டெப்த் சார்ட்டில் ஏற வேண்டும். பென்ச்சில் உட்கார்ந்து பயிற்சி ஆட்டமாகவே ஆடிக்கொண்டிருக்கும் முதல் சில வாரங்கள் சலிப்பூட்டும். அல்டிமேட் டீம் மோடு அட்டை சேர்க்கும் வியாபாரம். இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2025 ஜூலை 10 அன்று வந்த ‘காலேஜ் ஃபுட்பால் 26’ பதிப்பில் 136 அணிகளும் நிஜக் கோச்சுகளின் பெயர்களும் சேர்ந்துவிட்டன. நிஜ உலகிலும் அந்த ஆண்டு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், நீதிமன்ற வழக்கில் எட்டிய சமரச உடன்பாட்டை ஏற்ற அணிகளுக்கு 105 பேர் என்ற அணி வரம்பு வந்தது. 25ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர், கோச் பெயருக்காக மட்டும் மறுபடி முழு விலை கொடுக்கத் தேவையில்லை; மேலே சொன்ன ஆட்டோ சப் எண்களைச் சரிசெய்தாலே கையில் இருப்பது வேறு கேம் போல ஆடும். புதிதாக வாங்குபவர் 26ஐ எடுக்கலாம். நண்பர்களோடு ஆன்லைன் டைனஸ்டி தொடங்குகிறவர்கள் குவாட்டர் நீளத்தை முதல் வாரத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதை அந்த டைனஸ்டியை நடத்தும் கமிஷனர்தான் வைக்கிறார், 32 பேர்வரை சேர்ந்த பிறகு நடுவில் மாற்றினால் சண்டைதான்.